மிச்ச அரைப்பேர்

தம்பி,

போனில் பேசினால் நீ பாதியில் வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம்தான்; ஆனால் கிழிக்கிறவனும் கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்ப்பான் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குக் கொழும்புக்குப் போகிற பக்கத்துக் காம்பரா வீட்டுப் பையனிடம் இதைக் கொடுத்தனுப்புவேன். கட்டாருக்கு விமானம் ஏறுவதற்கு முன் சனிக்கிழமை ஒரு நாள் வீட்டுக்கு வந்து போவதாக உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. பரவாயில்லை, அவளிடம் சொன்னால் எனக்குச் சொன்ன மாதிரிதான். வெளிநாடு போகிற மகனுக்கு அப்பன் புத்தி சொல்வது உலக வழக்கம். எனக்கோ, யாராவது எனக்குப் புத்தி சொன்னால் தேவலை என்றிருக்கிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நிற்கிறேன். அதனால் இதில் புத்தி எது, புலம்பல் எது என்று பிரித்துப் பார்க்காமல் முழுவதையும் படி.

போன கிழமை நீ போனில் சொன்னது இவ்வளவுதான். "வாசிகசாலைச் சாவிய கோயில் கமிட்டிக்கிட்ட குடுத்துருங்கப்பா. இனி அந்தப் பிள்ளைங்களுக்கு நீங்க ஒண்ணும் சொல்லிக்குடுக்க வேணாம். அம்மாவுக்குப் போட்டது பத்தலயா ஒங்களுக்கு?" நான் வாயைத் திறப்பதற்குள் போன் செத்துப்போனது. சாவி இன்னும் கதவுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது. கொடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். காலையில் ஒன்று சரியென்று படுகிறது, மாலையில் மற்றது. உனக்கு இந்தச் சேதியைச் சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருப்பார்கள். முழுவதையும் சொல்கிறேன், பிறகு நீ முடிவு சொல்.

அந்த வகுப்பைத் தொடங்கியது நீ. பாடசாலை விட்டு வருகிற ஆறாம், ஏழாம், எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அம்மாமார் தேயிலை மலையிலிருந்து திரும்பும்வரை லயத்து வீடுகளின் வாசலில் சுற்றிக்கொண்டு திரிகிறார்களே என்று, நீயும் உன் கூட்டாளிமாரும் சேர்ந்து வாசிகசாலையைக் கூட்டித் துடைத்து, ஹட்டனிலிருந்து பழைய கரும்பலகை ஒன்றை பஸ்ஸுக்கு மேல் கட்டிக் கொண்டுவந்தீர்கள். ஒரு காசு வாங்காத வகுப்பு. பிறகு கூட்டாளிமார் ஒவ்வொருவராகக் கொழும்புக்குப் போனார்கள். கடைசியில் உனக்கும் வேலை கிடைத்தது. போகிற அன்று சாவியை என் கையில் வைத்தாய். "நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்பா. வேற யாராச்சும் கிடைக்கிற வரைக்கும்தான்." வேறு யாரும் இந்த நாள்வரை கிடைக்கவில்லை. ஆயுள் முழுக்கக் கொழுந்து மலையில் கங்காணியாக நின்றவனுக்குச் சும்மா உட்காரத் தெரியுமா? பத்தாம் ஆண்டோடு படிப்பை விட்டாலும் கணக்கு எனக்கு வரும். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

முதலில் பிள்ளைகள் என்னை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. கரும்பலகையில் ஆறு கணக்கு எழுதிப் போட்டால், இரண்டு செய்துவிட்டு ஜன்னலால் ரயில் பார்ப்பார்கள். றொசல்லப் பக்கம் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டதும் ஏழாம் ஆண்டு முழுவதும் எழுந்து நிற்கும். ஒருநாள் ஒரு பையன் பாதி வெறுமையான கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினான். எனக்கு ஏறிய கோபத்தில், வாயில் பழகிய சொல் வந்துவிட்டது. "ஒனக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்டா." அந்தப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். உடனே எல்லாரும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். "எனக்கு, சேர்? எனக்கு முழுப்பேரா?"

இந்தக் கடிதத்தை நீ யாருக்கும் காட்டலாம். அதனால் அவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்போம். அன்றைக்குச் சொன்ன கிலோ கொழுந்தைப் பறித்துவிட்டால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். பின்னேரம் தராசில் கூடை ஏறும்போது கணக்கப்பிள்ளை எழுதுவார், யாருக்கு முழுசு, யாருக்கு அரை என்று கங்காணி சத்தமாகச் சொல்வான். பேனா அவருடையது, வாய் என்னுடையது. அந்த வாயைத்தான் வாசிகசாலைக்கும் கொண்டுபோனேன். வகுப்பு முடியும்போது ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேர் சொல்வேன். ஆறு கணக்கும் செய்தால் முழுப்பேர். மேலே ஒன்று செய்தால், மலையில் கூடுதல் கிலோவுக்குக் கைக்காசு தருவது போல, ஒரு டொபி மிட்டாய். தம்பி, நீ நம்ப மாட்டாய், ரயில் ஊதினாலும் யாரும் எழும்பவில்லை. பாடசாலைக் கணக்கு ரீச்சர் கோயிலில் உன் அம்மாவைக் கண்டு, "என்ன மருந்து குடுக்குறாரு ஒங்க வீட்டுக்காரரு?" என்று கேட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு கங்காணியின் சத்தத்துக்கு இப்படியும் ஒரு பிரயோசனம் இருக்கிறதா என்று நினைத்தேன்.

பிறகு வெயில் காலம் வந்தது. மலையில் கொழுந்து இல்லை, பெண்கள் பலருக்கும் அரைப்பேர். வாசிகசாலைப் பாதையால்தான் அவர்கள் வீட்டுக்குப் போவார்கள், உனக்குத் தெரியும். ஒரு பின்னேரம் நான் பேர் கூப்பிடுகிற நேரம் பார்த்து, எட்டாம் ஆண்டு டிலானியின் அம்மா தவமணி வெறும் கூடையோடு படியில் வந்து நின்றாள். அவள் என்னுடைய கூட்டத்தில் கொழுந்து பறித்தவள். டிலானி அன்றைக்கு மூன்று கணக்குத்தான் செய்திருந்தாள். எல்லோருக்கும் சொல்வது போலத்தான் சொன்னேன். "டிலானி, அரைப்பேர்!" பின்பக்க வாங்குப் பலகையிலிருந்து ஒரு பையன் கத்தினான். "சேர், அவங்க அம்மாவுக்கும் இன்னைக்கு அரைப்பேரு. ரெண்டையும் கூட்டுனா முழுப்பேர்!" வகுப்பே சிரித்தது. டிலானியும் சிரித்தாள். பின்னம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த கிழமை அது. கணக்குச் சரியாகத்தானே சொன்னான் என்று நானும் சிரித்துவிட்டேன். தவமணி மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே வந்து, மகளின் பையை எடுத்து வெறும் கூடைக்குள் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள். மறுநாள் டிலானி வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அன்று பின்னேரம்தான் உன் போன் வந்தது.

நீ சொன்ன பிறகு பேர் போடுவதை நிறுத்திப் பார்த்தேன். கணக்கை எழுதிப் போட்டேன், திருத்தினேன், "போயிட்டு வாங்க" என்றேன். யாரும் எழும்பவில்லை. "சேர், பேர்?" என்று ஒரு சின்னவள் கேட்டாள். இனி இல்லை என்றேன். "எங்களோட கோவமா சேர்?" அடுத்த நாள் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். வந்தவர்களும் ரயில் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போட்டால் ஒரு பிள்ளை போய்விடுகிறது, போடாவிட்டால் பத்துப் பிள்ளை போகிறது. பிடித்தாலும் குற்றம், விட்டாலும் குற்றம். உனக்குப் போன் எடுத்துக் கேட்கலாமென்றால், நீ எடுக்கவில்லை.

அதைவிட உன் கடைசி வார்த்தைதான் என்னைக் குடைந்தது. அம்மாவுக்குப் போட்டது. எது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீ அப்போது நாலாம் ஆண்டு. பாடசாலைப் பையோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்து, சாக்குக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பாய். அன்றைக்கு உன் அம்மாவுக்குக் காய்ச்சல், மலையிலோ மழை. கிலோ குறைந்துவிட்டது. மற்றப் பெண்களுக்கு என்றால் நான் கணக்கப்பிள்ளையிடம் சொல்வேன், "காய்ச்சலோட வந்திருக்குங்க ஐயா, பாத்துப் போடுங்க" என்று. அவரும் பல தடவை விட்டுக்கொடுத்திருக்கிறார். என் பெண்டாட்டிக்கு எப்படி நான் வாய் திறப்பது? கங்காணி பெண்டாட்டிக்குக் கங்காணியே தீர்ப்பு என்று ஊர் சிரிக்காதா? அதனால் மற்றவர்களுக்குச் சொல்வதைவிடச் சத்தமாகவே சொன்னேன், அரைப்பேர் என்று. அன்றிலிருந்து என் கூட்டத்தில் எந்தப் பெண்ணும் அரைப்பேருக்கு முணுமுணுத்ததில்லை. அதை நான் இத்தனை காலமும் நியாயம் என்று நினைத்து வைத்திருந்தேன். இன்னும் பாதி மனம் அப்படித்தான் நினைக்கிறது. மறைத்து எழுத எனக்கு வராது.

உன் போன் வந்த அன்று, அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கையில் கேட்டேன். "அன்னைக்கு நா ஒனக்கு அரைப்பேர் போட்டது தப்பா?" அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதென்ன புதுசா?"

"தம்பி கேக்குறான்."

"கிலோ இல்ல, போட்டீங்க. அதுல என்ன தப்பு?" எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "ஆனா நா சவுக்கு மரத்தடியில நின்னுக்கிட்டிருந்தேன். சேந்து வீட்டுக்குப் போவோம்னு. நீங்க கணக்கப்பிள்ளையோட பேசிக்கிட்டே கீழ்ப்பாதையில எறங்கிப் போயிட்டீங்க. ஒங்க மகன்தான் என் கையப் புடிச்சிக்கிட்டுக் கூட்டியாந்தான்."

இது எனக்கு ஞாபகமே இல்லை, தம்பி. சத்தியமாக இல்லை. மடுவத்தில் நான் சொன்னது, அந்தச் சத்தம், மழை எல்லாம் ஞாபகமிருக்கிறது. கீழ்ப்பாதையால் இறங்கியது ஞாபகமில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிருப்பேன் போலிருக்கிறது. இவ்வளவு காலமும் நீ எதற்குக் கோபமாக இருக்கிறாய் என்று நான் நினைத்தேனோ, அதற்கு நீ கோபமாக இல்லை போலிருக்கிறது. அப்படித்தானா? இல்லை, இரண்டுக்குமா? நேரில் வரும்போது சொல். என் பாட்டில் யோசித்து யோசித்து எனக்குத் தலை வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளாகப் பார்த்துத் தவமணி வீட்டுக்குப் போனேன். நானாகப் போகவில்லை, உன் அம்மா துரத்தினாள். "இங்க உக்காந்து கூரையப் பாத்துக்கிட்டிருந்தா பிள்ளை வந்துருமா?" தவமணி நாற்காலி போட்டாள், சாயத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன், பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, படிப்பும் ஏறியது என்று இழுத்துக்கொண்டு போனேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, மலையில நீங்க எனக்கு எத்தனை தடவ அரைப்பேர் சொல்லியிருப்பீங்க? நா ஏதாச்சும் கேட்டனா?"

"இல்லம்மா."

"கொழுந்து இல்ல, கிலோ இல்ல. எனக்கு வெளங்கும். எம் மக அந்தச் சத்தத்தக் கேக்கக் கூடாதுன்னுதானே நா அவள அங்க அனுப்புனேன். அங்கயும் அதே சத்தமா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவ அழுதிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும். சிரிச்சாண்ணே. இப்பயே பழகிட்டாளே."

சாயத்தை ஊதிக்கொண்டிருந்தேன், அது ஆறிப்போய்க் கிடந்ததுகூடத் தெரியாமல். இனிப் பேரே போட மாட்டேன், பிள்ளையை அனுப்பு என்று சொல்லத் தீர்மானித்து வாயைத் திறந்தேன். அதற்குள் டிலானி உள்ளறையிலிருந்து தலையை நீட்டினாள். "நா வாரேன் சேர். ஆனா பேர் போடணும். மத்தவங்களுக்குப் போட்டு எனக்குப் போடாம விட்டா நா வர மாட்டேன்." தாய் வேண்டாம் என்கிறாள், மகள் வேண்டும் என்கிறாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அன்றைக்குத்தான் அந்த எறும்பின் பாடு தெரிந்தது. கடைசியில் தவமணிதான் சொன்னாள். "போகட்டும். ஆனா பின்னேரம் நா படியில நிப்பேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு நா கேக்கணும்."

மறுநாள் டிலானி வந்தாள். சேதி எப்படியோ பரவி, ஓடிப்போன பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். நான் வேண்டுமென்றே லேசான கணக்காகப் போட நினைத்தேன். அது களவு என்று பட்டது, போடவில்லை. பின்னக் கணக்கு ஆறு. பேர் கூப்பிடும் நேரம் வந்தது. தவமணி சொன்னபடி படியில் நின்றாள், கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை. டிலானி கொப்பியை நீட்டினாள். திரும்பவும் மூன்று. கடவுளே என்று இருந்தது. பாவம் பார்த்து முழுப்பேர் சொன்னால் அந்தப் பிள்ளைக்கே அது பொய் என்று தெரியும், மற்றப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அரைப்பேர் சொன்னால் தாய் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், இந்தத் தடவை ஒரேயடியாக.

மடுவத்தில் என்றால் இவ்வளவு யோசனைக்கு இடமில்லை. லொறி வந்து நிற்கும், கொழுந்து வாடுவதற்கு முன் பெக்டரிக்குப் போக வேண்டும், தராசைக் கழற்றினால் அன்றைய கதை முடிந்தது. பழக்கதோஷத்தில் நான் ஜன்னலால் ரோட்டைப் பார்த்தேன். ரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. லொறி ஒன்றும் இல்லை. லொறியே இல்லாத இடத்தில் எதற்காக நான் இத்தனை நாளும் தராசைக் கழற்றிக்கொண்டிருந்தேன்?

"ஒனக்கு இன்னும் பேர் போடல," என்றேன். "உக்காந்து மிச்சத்தச் செய். நா இருக்கேன்."

உடனே மற்ற அரைப்பேர்க்காரர்களும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள், "எங்களுக்கும் போடாதீங்க சேர், நாங்களும் இருக்கோம்!" என்று. அன்றைக்கு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல? பிள்ளைகளைத் தேடி வந்த அம்மாமார் படி முழுக்க நிறைந்து உட்கார்ந்துவிட்டார்கள். "தண்ணி எடுக்கணும், இதுக ஒண்ணும் வீட்டுக்கு வாரதில்லயா?" என்று ஒருத்தி ஏசினாள். பேரச் சொல்லி விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்றாள் இன்னொருத்தி. தவமணி அப்போதுதான் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தாள். நான் டிலானிக்குப் பக்கத்தில் வாங்கைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு கணக்குச் சரி, ஒன்று பிழை. அழித்துவிட்டுத் திரும்பச் செய்தாள். திரும்பவும் பிழை. நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவை செய்தாள், சரி.

முழுப்பேர் என்று அவள் கொப்பியைப் பார்த்தே மெதுவாகச் சொன்னேன். "கேக்கல சேர்," என்றாள் டிலானி. "அரைப்பேர மட்டும் சத்தமா சொன்னீங்க." நான் எழுந்து நின்று, மடுவத்துக் குரலை எடுத்து, படியில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "டிலானி, முழுப்பேர்!" தவமணி தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் கட்டினாள். மகளின் பையை வாங்கவில்லை. டிலானியே தூக்கிக்கொண்டு போனாள்.

இதோடு கதை சுபம் என்று நினைக்காதே. மறுநாள் வேண்டுமென்றே பாதியை விட்டுவைத்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைக்க நாலு பேர் பார்த்தார்கள். நேரத்தோடு விடுவதில்லை என்று இரண்டு அம்மாமார் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேர் போடுவதே பிழையா, போட்ட விதம்தான் பிழையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தவமணியிடம் கேட்டால் ஒன்று சொல்வாள், டிலானியிடம் கேட்டால் வேறு சொல்வாள். நீயும் ஒன்று சொல்வாய். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கட்டாரில் ஹோட்டலில் உன் கீழ் ஆட்கள் வேலை செய்வார்களாம், சூப்பர்வைசர் வேலையாம், உன் அம்மா லயம் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். நீ என்ன பெயர் வைத்துக்கொண்டாலும் அது கங்காணி வேலைதான், தம்பி. என்னைப் பார்த்து முகம் சுளிக்கிற நீயும் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, வேலை பிரித்துப் பெரட்டுத்தான் எடுக்கப் போகிறாய். எவனாவது ஒருவன் ஒருநாள் காய்ச்சலோடு வருவான், அவனுக்கு வேலை முடியாது. அவனுக்கு நீ என்ன போட வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது. போட வேண்டியதைப் போட்டுத்தான் ஆக வேண்டியும் வரலாம். போட்ட பிறகு கீழ்ப்பாதையால் மட்டும் இறங்கிப் போகாதே. அவன் எங்கேயாவது ஒரு மரத்தடியில் நிற்பான். அங்கே மரம் இருக்கிறதோ இல்லையோ, நிற்பான்.

நேற்று வகுப்பு முடிந்ததும் டிலானி என்னை மறித்தாள். "சேர், எங்களுக்கு நீங்க பேர் போடுறீங்க. ஒங்களுக்கு யாரு போடுறது?" நீயே போடு என்றேன், பெரிய மனது பண்ணி. அவள் கையைக் கட்டிக்கொண்டு, என்னையே மாதிரி, யோசித்தாள். "அரைப்பேர்தான் சேர். பின்னத்துல பெருக்குறது வெளங்குச்சு. வகுக்குறது வெளங்கவே இல்ல. ரெண்டாவதத் தலைகீழாப் போட்டுப் பெருக்குன்னு சொல்றீங்க, ஏன்னு கேட்டா மழுப்புறீங்க." எல்லாப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். மழுப்பினது உண்மை. ஏன் தலைகீழாகப் போடுகிறோம் என்று எனக்கே தெரியாது. எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அரையை அரையால் வகுத்தால் ஒன்று வருகிறது. பாதியைப் பிரித்தால் எப்படி முழுசாகும்? சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினேன். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் அந்த அரைப்பேர் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. அந்த வயதுப் பிள்ளை சொல்லி, விளையாட்டுக்குச் சொல்லி, எனக்கே குத்துகிறது.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சரி, மிச்ச அரைய எப்ப முடிக்கப் போறீங்க?" அவள் வகுத்தல் கணக்கைக் கேட்கவில்லை என்று எனக்கு விளங்கியது.

சனிக்கிழமை பின்னேரம் வகுப்பு வைக்கிறேன். அந்தத் தலைகீழ் சமாச்சாரத்தை நீ வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு. கடைசி வாங்கில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு சாவியை யாரிடம் கொடுக்கச் சொல்கிறாயோ கொடுத்துவிடுகிறேன். எந்த ரயிலில் வருகிறாய் என்று எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, றொசல்ல ஸ்டேசனில் காலையிலிருந்தே நிற்பேன். உன் அம்மாவும் வருகிறாள். சவுக்கு மரத்தடியில் நில், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்பா